கொக்கி இல்லாத பாதாளக்கரண்டி

கரமனை அக்ரஹாரத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்படிப்பட்ட தெருவிலும் என் அத்தை வீட்டு ஓசை ஒன்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ராத்திரி சாப்பாடு முடிந்து, டி.வி.யை அணைத்து, ஃபேனையும் நிறுத்தினால்தான் நமக்கே கேட்கும். டிக்... டிக்... டிக். முதல்முறை கேட்டபோது சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தேன். அதன் முள் நின்று எத்தனையோ நாளாகியிருந்தது.

"கடிகாரம் இல்லேடா, நான்தான்" என்றாள் அத்தை.

சிறு வயதில் வந்த தொண்டைப் புண், அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கம், காய்ச்சல். ருமாட்டிக் காய்ச்சல் என்று அப்போது யாரும் பெயர் சொல்லவில்லை. காய்ச்சல் போய்விட்டது, அது இதயத்தில் வைத்துவிட்டுப் போன தழும்பு போகவில்லை. நாற்பது வயதில் மைட்ரல் வால்வு சுருங்கி, மாடிப்படி ஏற மூச்சு வாங்கி, கடைசியில் வால்வையே மாற்றினார்கள். இப்போது அந்த இடத்தில் ஓர் உலோக வளையமும், அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தட்டும் இருக்கின்றன. அந்த ஓசைதான் ராத்திரியில் கேட்பது. அது வெளிநாட்டுச் சரக்கும் அல்ல. கரமனையிலிருந்து ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் போய்ச் சேரும் பூஜப்புரையில், ஒரு பழைய அரண்மனைக்குள் உருவானது.

வால்வைப் பற்றி ஊரே பேசிவிட்டது. அதோடு ஒட்டிப் பிறந்த மாத்திரையைப் பற்றிப் பேசத்தான் ஆளைக் காணோம். சாயங்காலம் விளக்கேற்றியதும் அத்தை அசிட்ரோம் டப்பாவைத் திறப்பாள். திங்கள், புதன், வெள்ளி ஒரு மாத்திரை. மற்ற நாட்களில் அரை. அரைக்கு ஒரு பிளேடு தனியாக வைத்திருக்கிறாள். வால்வு வைத்த நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. கேட்டால், "ரத்தத்தைத் தண்ணியாக்கற மாத்திரை" என்பாள். அவளை மட்டும் சொல்வானேன், மருந்துக்கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்.

ரத்தம் தண்ணியாவதே இல்லை. அத்தை ரத்தத்தையும் என் ரத்தத்தையும் இரண்டு கண்ணாடிக் குழாயில் பிடித்து வைத்தால் ஊற்றும்போது இரண்டும் ஒரே பதம். வித்தியாசம் பிறகுதான். என்னுடையது சில நிமிஷங்களில் கட்டிக்கொள்ளும். அவளுடையது அதற்கு நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளும். பால் தயிராவதற்கும் ரத்தம் கட்டிப்படுவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்: உறைதல். அந்தச் சொல்லை வைத்தவர்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். இரண்டிலும் நடப்பது, கரைந்து கிடக்கும் புரதம் வலைபோலப் பின்னிக்கொள்வது. மாத்திரை கை வைப்பது அந்தப் புரதங்களிடம்தான். ரத்தத்தின் அடர்த்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வால்வின் மேல் முதல் பந்தி

உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ ரத்தத்தில் வைத்தால் முதலில் அதைத் தொடுவது ரத்த அணு அல்ல, புரதம். அதுவும் கண் மூடித் திறப்பதற்குள். இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் லியோ வ்ரோமன் என்ற டச்சுக்காரர். டச்சு மொழியின் பெரிய கவிஞர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் போர்க்கைதி முகாமில் கிடந்தவர். பிறகு அமெரிக்காவில் ரத்தத்தை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்து 2014இல் 98 வயதில் மறைந்தார். அவர் கண்டது இது: அளவில் சிறியதும் எண்ணிக்கையில் அதிகமானதுமான ஆல்புமின் போன்ற புரதங்கள் முதலில் ஓடிவந்து மேற்பரப்பில் ஒட்டும். சற்றுப் பொறுத்து, பிடிமானம் கூடிய ஃபைப்ரினோஜன் வந்து அவற்றை நகர்த்திவிட்டு உட்காரும். அதையும் எழுப்பிவிட இன்னொரு புரதம் வரும். கோயில் பந்தியில் முதல் வரிசையைப் பிடித்த பொடியன்களைக் கிளப்பிவிட்டுப் பெரியவர்கள் இலைமுன் அமர்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அறிவியலில் இதற்கு வ்ரோமன் விளைவு என்றே பெயர்.

ஃபைப்ரினோஜன் உட்கார்ந்துவிட்டால் வம்பு. ரத்தத் தட்டணுக்களுக்கு அது பழகிய முகம்; வந்து ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பக்கம், அந்நிய மேற்பரப்பில் பட்டதாலேயே பன்னிரண்டாம் உறைவுக் காரணி விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, கடைசியில் த்ராம்பின் பிறக்கும். த்ராம்பின்தான் ஃபைப்ரினோஜனை நூலாக வெட்டித் தருவது. வால்வின் விளிம்பில் ஒரு கட்டி. அது அங்கேயே வளர்ந்தால் தட்டு அசையாது. பிய்ந்துபோனால் மூளைக்குப் போய் பக்கவாதம்.

பூஜப்புரைக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. திருவிதாங்கூர் மகாராணி சேது லட்சுமி பாயி இருந்த சாட்டெல்மண்ட் அரண்மனையில்தான் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தின் கருவிப் பிரிவு இயங்குகிறது. மருத்துவமனை மெடிக்கல் காலேஜ் வளாகத்தில். ஊரார் சுருக்கமாகச் 'சித்திரா' என்பார்கள். 1980இல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. அதன் முதல் இயக்குநர், இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், வால்வு இறக்குமதி செய்யக் காசில்லாத இந்திய நோயாளிக்கு இங்கேயே ஒன்று செய்துவிடுவது என்று இறங்கினார். பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் அந்த வேலையின் முதுகெலும்பு. முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. ஒரு கட்டத்தில் தட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்து பார்த்தார்கள், அதுவும் உடைந்தது. வேறு யாராக இருந்தாலும் கோப்பை மூடி வைத்திருப்பார்கள். நான்காவது மாதிரியில் தட்டு, மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக். சட்டம், கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம். இதயத்தோடு சேர்த்துத் தைக்கும் வளையம், பாலியஸ்டர் துணி. 1990 டிசம்பர் 6ஆம் தேதி அது முதன்முதலாக ஒரு மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. நிறுவனம் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேருக்கு இந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு சரகர், சுஸ்ருதர், வாக்படர் என்று ஆயுர்வேத மூலநூல்களில் மூழ்கிப்போன வலியத்தான் 2024 ஜூலையில் மணிப்பாலில் காலமானார்.

இத்தனை நல்ல வால்வானாலும் அதன் மேலும் அந்த முதல் பந்தி நடக்கத்தான் செய்யும். ஆகவே மாத்திரை.

சோம்பேறிக் காவலன்

அறுவை முடிந்த உடனே மாத்திரை போதாது. முதல் சில நாள் ஹெப்பாரின் ஊசி. இந்த மருந்துக்குத் தனியாக ஒரு சக்தியும் இல்லை என்பதுதான் வேடிக்கை. நம் எல்லார் ரத்தத்திலும் ஆன்டித்ராம்பின் என்று ஒரு புரதம் ரோந்து சுற்றுகிறது. த்ராம்பினைக் கண்டால் பிடித்துக் கட்டிப்போடுவது அதன் உத்தியோகம். ஆனால் சோம்பேறி, ஆடி அசைந்துதான் பிடிக்கும். ஹெப்பாரின் நீளமான ஒரு சர்க்கரைச் சங்கிலி. அதில் ஐந்து கண்ணிகள் ஒரு குறிப்பிட்ட வரிசையில் அமைந்த இடம் ஆன்டித்ராம்பினில் போய்ப் பொருந்தியதும், காவலனின் உடம்பே முறுக்கேறி வடிவம் மாறுகிறது. வேகம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடிவிடும்.

ஹெப்பாரினுக்கு எதிர்மின் சுமை அதிகம். அதனால் கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. காய்ச்சலிலும் அறுவையிலும் ரத்தத்தில் பெருகும் புரதங்கள் சில, ஊசியில் போன ஹெப்பாரினை வழியிலேயே மடக்கிவிடும். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரர்கள் இருவருக்கு ஒரே அளவு கொடுத்தாலும் ஒரே பலன் வராததற்கு இது ஒரு காரணம். அரிதாக, தட்டணுக்களிலிருந்து வரும் ஒரு புரதத்தோடு சேர்ந்து அது எதிர்ப்புப் பொருளைத் தூண்டிவிட, உறைவைத் தடுக்கப் போட்ட ஊசியே உறைவை உண்டாக்குவதும் நடக்கும்.

1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மாணவர், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிப்போய் நாயின் ஈரலில் உறையவிடாத பொருளைக் கண்டெடுத்த கதை இந்த ஊசிக்குப் பின்னால் இருக்கிறது. இன்றைய ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. மடி ஆசாரம் பார்க்கிற எத்தனையோ வீட்டு நரம்புகளில் அது ஓடியிருக்கிறது. யாரும் தீட்டுக் கழித்ததாகக் கேள்விப்படவில்லை.

கிணற்றில் வாளி விழுந்தால்

இனி மாத்திரை. இதைப் புரிந்துகொள்ள அத்தை வீட்டுக் கொல்லைக் கிணறு போதும்.

கயிறு அறுந்து வாளி கிணற்றில் விழுந்தால் பாதாளக்கரண்டியைத் தேடுவோம். இரும்பு வளையத்தில் ஏகப்பட்ட கொக்கிகள். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் ஏதாவது ஒரு கொக்கியில் வாளி மாட்டும். உறைவுக் காரணிகள் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய நான்கும் கிட்டத்தட்டப் பாதாளக்கரண்டிகள்தாம். இரண்டாம் காரணியான புரோத்ராம்பினுக்கு மட்டும் இப்படிப் பத்துக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியும் சுண்ணாம்புச் சத்தைப் பிடிக்கும். அதன் துணையோடுதான் புரதம் தட்டணுவின் மேல்தோலில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கும்.

கொக்கிகளை அடித்துச் சேர்க்கும் பட்டறை நம் ஈரல். பட்டறைக்கு வேண்டிய கருவி வைட்டமின் கே. ஒரு கொக்கி அடிக்க ஒரு முறை பயன்பட்டதும் கருவி மழுங்கிவிடும். அதைச் சாணை பிடித்துத் திரும்பத் தர ஒரு நொதி உண்டு. வார்ஃபரினும் அதன் தம்பியான அசிட்ரோமும் செய்வது அந்தச் சாணைக்காரனின் கையைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். ஈரல் புரதத்தைச் செய்வதை நிறுத்துவதில்லை. செய்து ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், கொக்கி இல்லாமல். வளையம் இருக்கிறது, கயிறு இருக்கிறது, இறக்கினால் வாளி மாட்டாது.

மாத்திரை விழுங்கிய அன்றே பலன் தெரியாததன் காரணமும் இதற்குள் இருக்கிறது. நேற்றுவரை அடித்த கொக்கிக் கரண்டிகள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. ஏழாம் காரணி சில மணி நேரத்தில் பாதியாகும். புரோத்ராம்பின் பாதியாக இரண்டரை, மூன்று நாள் பிடிக்கும். இதில் ஒரு விபரீதமும் உண்டு. உறைவை அடக்கும் புரதம் சி என்பதும் இதே பட்டறைச் சரக்கு, அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோவது. ஆக முதல் ஓரிரு நாள், கடிவாளம் அறுந்து குதிரை மிச்சமிருக்கும் நிலை. ஹெப்பாரினையும் மாத்திரையையும் சில நாள் சேர்த்தே கொடுப்பது இந்த இடைவெளியைக் கடக்கத்தான்.

இந்த மருந்தை மனிதன் தேடிப் போகவில்லை, மாடுகள் காட்டிக்கொடுத்தன. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளியிலும் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள், கொம்பு தீய்த்தாலே ரத்தம் நிற்காமல் செத்தன. 1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே, விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியோடும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தோடும் பல்கலைக்கழகத்துக்கு வண்டியோட்டி வந்தார். அங்கே இருந்த கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு 1939இல் குற்றவாளியைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் சந்தைக்கு வந்தது எலி மருந்தாக. 1954இல்தான் மனிதருக்கு. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு அது கொடுக்கப்பட்டது. அத்தையிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "எலிக்குப் போட்டதையா எனக்குத் தரா?" என்று முறைத்துவிட்டு, விளக்கேற்றியதும் வழக்கம்போல் விழுங்கினாள்.

ஊட்டுப்புரையில் 99 பேர்

சில வருஷம் முன்பு ஒரு மழைக்காலம். அத்தைக்குக் காலில் படர்தாமரை. யாரோ சொல்லி, ஒரு மருந்துக்கடையில் ஃப்ளூகோனசோல் வாங்கிச் சில நாள் சாப்பிட்டிருக்கிறாள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். முழங்கையில் அடிபடாமலே நாவல்பழ நிறத்தில் திட்டு. சோதித்தால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் ஏழைத் தாண்டியிருந்தது. அவளுக்கு இருக்க வேண்டியது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில்.

மருந்தியல் படித்த உறவுக்காரப் பையன் ஒருவன் உடனே விளக்கம் வைத்திருந்தான். "ஆல்புமின்லேர்ந்து தள்ளிவிட்டிருக்கும் மாமா" என்றான். பாடப்புத்தகத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் விளக்கம் அது. கேட்க அழகாகவும் இருக்கும்.

ஆல்புமின் நம் ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் புரதம். 585 அமினோ அமிலங்கள் கோத்தது, ஈரல் செய்வது, ஒரு டெசிலிட்டரில் மூன்றரை முதல் ஐந்து கிராம் வரை. கொழுப்பு அமிலம், பித்தநிறமி, மருந்து என்று கிடைத்ததையெல்லாம் தூக்கிச் சுமக்கும். வார்ஃபரின் ரத்தத்துக்குள் வந்ததும் நூற்றில் 99 பங்கு இதன் மடிப்புகளில் போய் உட்கார்ந்துவிடுகிறது. உட்காரும் இடத்துக்குக்கூடப் பெயர் உண்டு. 1975இல் அந்த இடங்களை வகைப்படுத்திய சட்லோ என்ற ஆய்வாளரின் பெயரால் சட்லோ முதலிடம் என்பார்கள்.

சாப்பாடு போடும் கூடங்களான பழைய திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரில் 99 பேர் உள்ளே இலைமுன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர்தான் வெளியே போய் வேலை பார்க்கிறார். மருந்தின் வேலை முழுதும் அந்த வெளியே இருக்கும் ஒருவருடையது. இப்போது வேறொரு மருந்து வந்து உள்ளே இருந்தவர்களில் ஒருவரை எழுப்பி அந்த இலையில் உட்கார்ந்துகொண்டால் வெளியே இரண்டு பேர். வேலை இரட்டிப்பு. ரத்தம் நிற்காது. கணக்கு கச்சிதமாக இருக்கிறது அல்லவா?

கச்சிதமாக இருப்பதாலேயே நெடுநாள் யாரும் சந்தேகப்படவில்லை. 1967இல் ஃபினைல்பியூட்டசோன் என்ற மூட்டுவலி மருந்தோடு வார்ஃபரின் சேர்ந்தால் ரத்தப்போக்கு வருவதை ஆராய்ந்தவர்கள், ஆல்புமினிலிருந்து தள்ளப்படுவதே காரணம் என்றார்கள். சோதனைக்குழாயில் அது தள்ளுவதும் உண்மைதான். ஆனால் உடம்பு சோதனைக்குழாய் அல்லவே. ஊட்டுப்புரை வாசலில் ஈரல் என்று ஒரு அதிகாரி நிற்கிறார். வெளியே இருப்பவர்களைப் பிடித்துக் கணக்கு முடிப்பது அவர் வேலை; உள்ளே இருப்பவர்களைத் தொடமாட்டார். வெளியே இரண்டு பேர் வந்தால் அவர் இரண்டு மடங்கு பிடிப்பார். சில நாளில் பழையபடி வெளியே ஒருவர்.

அப்படியானால் ரத்தம் ஏன் கொட்டியது? 1974இல் விடை வந்தது. வார்ஃபரின் என்பது வலக்கை இடக்கைபோல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களின் கலவை. இரண்டில் எஸ் வடிவம் பல மடங்கு வீரியமானது. ஃபினைல்பியூட்டசோன் அந்த எஸ் வடிவத்தை ஈரல் கழிக்கவிடாமல் தடுத்தது. வீரியம் குறைந்த ஆர் வடிவத்தையோ வேகமாகக் கழியவிட்டது. மொத்தத்தை மட்டும் அளந்தவர்களுக்குக் கழிவில் தடை இருப்பது தெரியாமலே போயிற்று. தப்பு வாசல் அதிகாரியின் கையைக் கட்டியதில். இலையிலிருந்து எழுப்பியதில் அல்ல.

அத்தை விஷயம் இன்னும் தெளிவு. ஃப்ளூகோனசோல் ரத்தப் புரதங்களில் ஒட்டுவதே நூற்றில் 11, 12 பங்குதான். யாரையும் எழுப்பி உட்காரும் ஆசை அதற்கு இல்லை. அது நேராகப் போய் அசிட்ரோமைக் கழிக்கும் ஈரல் நொதியை மடக்கிவிட்டது. பையனிடம் சொன்னேன். "பரீட்சையிலே அதுக்கு மார்க் போட்டாளே" என்றான்.

இது வெறும் பண்டிதச் சண்டை அல்ல. ஆல்புமின் கதையை நம்புகிறவர், புரதத்தில் அதிகம் ஒட்டும் மருந்துகளைக் கண்டு மட்டும் பயப்படுவார். ஃப்ளூகோனசோல், மெட்ரோனிடசோல், அமியோடரோன் போன்றவற்றை ஈரல் நொதியின் கோணத்தில் பார்க்கத் தவறுவார். ஆபத்து இருப்பது அங்கேதான். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மந்தமாக இருக்கும். தமிழ்நாட்டு மக்களிடம் அந்த மரபணு வேறுபாடு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003இலேயே கணக்கெடுத்து வெளியிட்டார்கள். ஆல்புமினுக்கு ஒரு பங்கும் இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. ஈரலோ சிறுநீரகமோ பழுதாகி ஆல்புமின் சரிந்தவர்களுக்கு இந்த மாத்திரையைக் கவனமாகத்தான் கொடுப்பார்கள்.

பத்து இலையும் மொளகூட்டலும்

கரமனை வீடுகளில் கீரை மொளகூட்டல் வாரம் ஒருநாளாவது உண்டு. முளைக்கீரை, பருப்பு, தேங்காய் அரைத்து விட்டு. வால்வு வைத்த புதிதில் யாரோ, "கீரையே ஆகாது" என்று சொல்லிவிட, அத்தை வருஷக்கணக்கில் கீரையைத் தொடவில்லை. கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பது சரி. பட்டறைக்குப் புதுக் கருவி கிடைத்தால் சாணைக்காரன் கையைப் பிடித்துப் பயனில்லை என்பதும் சரி. அதற்காகக் கீரையை ஒழிக்க வேண்டியதில்லை. வாரம் ஒருநாள் என்றால் எல்லா வாரமும் ஒருநாள். மாத்திரை அளவை மருத்துவர் அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்றபடி அமைத்துவிடுவார். கெடுப்பது ஏற்ற இறக்கம்.

கேரளத்தில் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு மாதமே இருக்கிறது. நம் ஆடி, இங்கே கர்க்கடகம். மருந்துக்கஞ்சியும் பத்து வகை இலை சேர்த்த பத்திலைத் தோரனும் வீட்டுக்கு வீடு. பதினோரு மாதம் கீரை பக்கம் போகாதவர் இந்த மாதம் தினமும் இலையாகச் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும், கஞ்சியில் போட்ட மூலிகைப் பொடி என்ன செய்யும் என்பது அந்தப் பொடியைப் பொறுத்தது. சாப்பிடுங்கள், ஆனால் மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, ஒரு சோதனையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது மாத்திரை ஏன் கூடாது?

டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் என்று புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் போனில் கேட்கிறார்கள்: "அம்மாவுக்கு அதைக் கொடுக்கக் கூடாதா?" உலோக வால்வுக்குக் கூடாது. டாபிகாட்ரானை வைத்து ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த சோதனையை, கட்டியும் ரத்தப்போக்கும் இரண்டுமே கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளியானது. காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுவது நம் முதல் பந்தியைத்தான். வால்வின் மேற்பரப்பில் த்ராம்பின் பிறந்துகொண்டே இருக்கிறது. டாபிகாட்ரான் பிறந்த த்ராம்பினை ஒவ்வொன்றாகப் போய் அடைக்க வேண்டும். வெள்ளம் பெரிதானால் தோற்றுவிடும். பழைய மாத்திரையோ நான்கு காரணிகளையும் கொக்கி இல்லாமல் செய்து, வெள்ளத்தை ஊற்றிலேயே குறைக்கிறது.

வால்வு மாற்றாவிட்டாலும், ருமாட்டிக் இதய நோயோடு இதயத்துடிப்பும் தாறுமாறானவர்களுக்குப் பழைய மாத்திரையே மேல் என்று 2022இல் தெரிந்தது. 24 நாடுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய ஆய்வில், ரிவராக்சபான் எடுத்தவர்களைவிடப் பழைய மாத்திரைக்காரர்களிடம் சாவு குறைவாக இருந்தது. எலி மருந்து ஜெயித்த கதை.

கர்ப்பிணிகள் நிலை வேறு. ருமாட்டிக் நோய் இளம் பெண்களை அதிகம் பிடிப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆல்புமினை விட்டு வெளியே திரியும் அந்த ஒரு பங்கு நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைத் தொட்டுவிடும். முக்கியமாக முதல் மூன்று மாதம் பயம். ஹெப்பாரின் மூலக்கூறு பெரியது, கடக்காது. எப்போது எதிலிருந்து எதற்கு மாறுவது என்பது மருத்துவர் முடிவு. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே போய்க் கேட்க வேண்டியது.

ஒரு சொட்டு ரத்தம்

அத்தையின் நோட்டுப் புத்தகத்தில் தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு என்று மூன்று பத்தி. அந்த எண் என்ன? அவள் ரத்தம் உறைய எடுக்கும் நேரம் சாதாரண ஆளைவிட எத்தனை மடங்கு என்பதுதான், சோதனைக் கூடத்துக்குக் கூடம் மாறும் வேதிப்பொருளின் வித்தியாசத்தைச் சரிக்கட்டியபின். உலக சுகாதார நிறுவனம் 1983இல் இந்தப் பொதுக் கணக்கைக் கொண்டுவந்தது. கொக்கி இல்லாத கரண்டிகள் எத்தனை என்று நேராக எண்ண வழி இல்லாத நமக்கு, இந்த ஒற்றை எண்தான் கண்.

சித்திராவுக்குக் களியக்காவிளை எல்லை தாண்டி, குமரி மாவட்டத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வால்வு ஒருதடவை வைத்தால் போதும். சோதனை சாகும்வரை. அறுவைக்குக் கடன் வாங்கியாவது வந்தவர்கள், மாதாமாதம் ஒருநாள் கூலியை விட்டுப் பஸ் ஏறுவதில் சோர்ந்துபோகிறார்கள். மாத்திரை மட்டும் பழைய சீட்டைக் காட்டி வாங்கப்படுகிறது. வால்வு உடைந்து யாரும் செத்ததாக நான் அறிந்த வட்டத்தில் இல்லை. எண் தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

சர்க்கரை பார்ப்பதுபோல் விரலில் குத்தி ஒரு சொட்டில் ஐ.என்.ஆர். காட்டும் கைக்கருவி உலகில் எப்போதோ வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக் கருவிக்குப் பக்கத்தில் அதுவும் இருக்க வேண்டும். அதில் செருகும் பட்டையின் விலை கூலிக்காரர் கைக்கு எட்ட வேண்டும். நீலக்கல் உடைந்தும் நான்காவது தடவை முயன்ற ஊர் இது. அந்தப் பட்டையைச் செய்ய பூஜப்புரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கேரள, தமிழக சுகாதாரத் துறைகள் இரண்டும் கேட்டால் நடக்கும்.

அதுவரை: புது மாத்திரை எதுவானாலும், தலைவலிக்கானாலும் தோல் அரிப்புக்கானாலும், பல் பிடுங்கப் போனாலும், "நான் அசிட்ரோம் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். உங்கள் வீட்டிலும் ராத்திரியில் யாரிடமிருந்தாவது டிக் டிக் கேட்டால், கடைசியாக ஐ.என்.ஆர். பார்த்த தேதி என்ன என்று இன்றைக்கே கேளுங்கள்.